சிறிய அட்டை, பெரிய சாவி

நம் வீட்டுக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. சைக்கிளுக்குச் சங்கிலி இருக்கிறது. மோட்டார் சைக்கிளை ஒட்டுக்கடை முன்னால் நிறுத்தினால்கூடச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் இன்று நம் சம்பளம், சேமிப்பு, உறவினரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் திறக்கக்கூடிய ஒரு சாவியைப் பூட்டாமலே கையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அதுதான் கைப்பேசிக்குள் இருக்கும் சிம் அட்டை. அந்த அட்டையைப் பூட்டிக் காப்பது எப்படி என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது ஆபீசில் மட்டுமே இருந்தது. ஊரில் ஒரு சாவு என்றால் தந்தி வரும். இல்லையேல் ஆபீசுக்குத் தொலைபேசி வந்து, கிராணி ஆளனுப்பிக் கூப்பிடுவார். பால்மரக் காட்டிலிருந்து ஓடி வந்து கேட்பதற்குள் பேசியவர் வைத்துவிட்டிருப்பார். இன்று அந்த நிலை இல்லை. செர்டாங்கிலும், காராங்கானிலும், மாஹாங்கிலும், செம்பனைத் தோட்டத்து லயத்து வீடுகளிலும் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு ஒன்று, வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு, பாட்டிக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் நான்கைந்து இருப்பதும் உண்டு.

வசதி பெருகியது நல்லதுதான். ஆனால் அந்த வசதியோடு வங்கியும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சம்பளம் வங்கியில் விழுகிறது. அரசாங்க உதவித்தொகை வங்கியில் விழுகிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கிறோம். இவை எல்லாவற்றோடும் நம் கைப்பேசி எண் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த எண் பிறர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். எங்கள் பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடு செர்டாங்கில் இருக்கிறார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பழைய கைப்பேசி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு நாள் மாலை இரவுச் சந்தைக்குப் போய்வந்தவர் காய்கறிப் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார், கைப்பேசியைக் காணோம். நாங்கள் உடனே அந்த எண்ணுக்கு அழைத்தோம். சிறிது நேரம் மணி அடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

"போனால் போகட்டும் விடுங்கள், இருநூறு வெள்ளி கூடப் பெறாத கைப்பேசி. திரைக்குத்தான் கோடு போட்டுப் பூட்டு வைத்திருக்கிறோமே, எடுத்தவனால் திறக்க முடியாது" என்று நாங்களே அவருக்கு ஆறுதல் சொன்னோம். அங்கேதான் தவறு செய்தோம்.

எடுத்தவன் கைப்பேசியைத் திறக்க முயலவே இல்லை. அதன் ஓரத்தில் இருந்த சிறிய தட்டை இழுத்து, சிம் அட்டையை எடுத்துத் தன்னிடம் இருந்த வேறு கைப்பேசியில் போட்டான். பெரியம்மாவின் எண் அவனுக்கு வேலை செய்தது. வாட்ஸ்அப்பை அந்த எண்ணில் புதிதாகத் திறந்தான். உறுதிப்படுத்தும் ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக எங்கே வரும்? சிம் அட்டை இருக்கும் இடத்துக்குத்தானே வரும்? அவன் கைக்கே வந்தது. எங்கள் குடும்பக் குழுவில் உள்ளவர்களின் எண்கள் அவனுக்குத் தெரிந்துவிட்டன.

மறுநாள் காலை ஜொகூரில் இருக்கும் ஒரு மருமகனுக்குச் செய்தி போனது: ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக முந்நூறு வெள்ளி வேண்டும், இந்தக் கணக்கில் போடு என்று. பெரியம்மாவின் படம் போட்ட எண்ணிலிருந்து வந்த செய்தி. அவர் யோசிக்கவில்லை; பணத்தைப் போட்டுவிட்டார். அதே செய்தி அடுத்து ஒரு மகளுக்குப் போனது. அவள்தான் நிதானித்தாள். "பெரியம்மாவுக்கு எழுதவே தெரியாதே! எப்போதும் குரலில்தானே செய்தி அனுப்புவார்?" என்று கேட்டு வீட்டுக்கு அழைத்தாள். பெரியம்மாவின் எழுத்தறியாமையே அன்று மீதிப் பணத்தைக் காப்பாற்றியது.

அதன்பிறகு எண்ணை நிறுத்தப் போனோம். அங்கே இன்னொரு சிக்கல். அந்தச் சிம் அட்டை பெரியம்மாவின் பெயரில் இல்லை. வாங்கிய நாளில் கூட இருந்த ஓர் உறவுக்காரப் பையனின் அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தோம். அவன் வேலை தேடி வெளிமாநிலம் போயிருந்தான். பதிவு செய்தவரே வரவேண்டும் என்றார்கள். அவனைத் தேடிப் பிடித்து, எண்ணை மீட்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பெரியம்மா சாப்பிடவில்லை. பணம் போனதற்காக அல்ல. தன் பெயரைச் சொல்லி யாரோ பிச்சை எடுத்தார்களே என்பதற்காக.

இந்த நிகழ்ச்சியில் நாங்கள் கற்ற பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் சிம் அட்டை என்பது என்ன?

நம் நாட்டில் கம்பியில்லாக் கைத்தொலைபேசிச் சேவை 1985-ஆம் ஆண்டில் அத்தூர் என்ற பெயரில் தொடங்கியது. அன்றைய கருவி செங்கல்லைப் போலக் கனமாக இருக்கும். வசதி படைத்தோரே வைத்திருந்தனர். அந்தப் பழைய முறையில் எண்ணும் அடையாளமும் கருவிக்குள்ளேயே இருந்தன. பல நாடுகளில் அந்த அடையாளத்தைக் காற்றலையிலிருந்தே திருடி, வேறு கருவியில் பதித்து, பிறர் கணக்கில் பேசினார்கள்.

இந்தக் குறையை நீக்குவதற்காகவே ஐரோப்பாவில் ஜிஎஸ்எம் என்னும் புதிய முறையை வகுத்தபோது, அடையாளத்தைத் தனி அட்டையில் வைத்தார்கள். 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மூனிக் நகரிலுள்ள கீசெக்கே அண்ட் டெவ்ரியென்ட் என்ற நிறுவனம் முதல் சிம் அட்டைகளைச் செய்து, பின்லாந்து நாட்டின் ரேடியோலின்யா தொலைபேசி நிறுவனத்துக்கு விற்றது. முதலில் கொடுத்தவை முந்நூறு அட்டைகளே. அன்று அது வங்கி அட்டை அளவுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு சுருங்கிச் சுருங்கி இன்று சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. சில புதிய கைப்பேசிகளில் அட்டையே இல்லாமல், கருவிக்குள்ளேயே பதித்த இ-சிம் இருக்கிறது.

அந்த அட்டையில் பொன்னிறச் சதுரம் ஒன்று தெரியும். நம் மைகார்டிலும் அதைப் போன்ற சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மிகச் சிறிய கணினி. அதில் இரண்டு முக்கியமான செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சந்தாதாரரின் அடையாள எண். நம் நாட்டு நிறுவனங்களின் அட்டைகளில் அது 502 என்று தொடங்கும்; அது மலேசியாவுக்கு உரிய குறியீடு. மற்றொன்று, ஓர் இரகசிய எண். அந்த இரகசிய எண் அட்டையிலும் நிறுவனத்தின் கணினியிலும் மட்டுமே இருக்கும். காற்றில் அது ஒருபோதும் அனுப்பப்படுவதில்லை.

அனுப்பாமல் எப்படிச் சோதிக்கிறார்கள்? இப்படி நினைத்துப் பாருங்கள். வாசலில் நிற்கும் காவலாளி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கணக்கைக் கொடுக்கிறார். அதற்கு விடை காண ஒரு சூத்திரம் வேண்டும். அந்தச் சூத்திரம் காவலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். விடை சரியாக இருந்தால் உள்ளே விடுகிறார். சுவரோரம் நின்று ஒட்டுக் கேட்பவனுக்குக் கணக்கும் விடையும் காதில் விழலாம்; ஆனால் நாளைக்குக் கணக்கு மாறிவிடும். சிம் அட்டை இப்படித்தான் தொலைபேசி நிலையத்தோடு பேசுகிறது.

இது நல்ல பாதுகாப்புதான். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வாளர்கள், அக்காலத்து அட்டைகள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் இரகசிய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். அதன்பின் முறைகளை வலுப்படுத்தினார்கள். ஆகவே மிகப் பழைய சிம் அட்டையை இன்னும் வைத்திருப்பவர்கள், எண்ணை மாற்றாமல் அட்டையை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காவலாளி அட்டையைத்தான் சோதிக்கிறார். அட்டையை வைத்திருப்பவர் யார் என்று அவர் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. அதை நாம்தான் போட வேண்டும்.

நம் மக்கள் கைப்பேசிப் பூட்டு என்று சொல்லும்போது மூன்று வேறு பூட்டுகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, திரைப் பூட்டு. விரல் ரேகை, முகம், கோடு, எண் ஆகியவற்றால் திறப்பது. இது கருவியைக் காக்கும். அதிலுள்ள படங்களையும் செய்திகளையும் வங்கிச் செயலியையும் காக்கும். சிம் அட்டையைக் காக்காது. எங்கள் பெரியம்மாவின் கைப்பேசியில் இருந்தது இது மட்டுமே.

இரண்டாவது, சிம் பூட்டு. இதற்கு 4 முதல் 8 இலக்கம் வரை உள்ள பின் எண் ஒன்று உண்டு. இதைப் போட்டுவிட்டால், கைப்பேசியை அணைத்துத் திறக்கும் போதும், அட்டையை வேறு கருவியில் போடும் போதும் அந்த எண்ணைக் கேட்கும். எண் தெரியாதவனுக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அழைப்பு வராது; குறுஞ்செய்தி வராது; அவசர உதவி எண்ணுக்கு மட்டுமே அழைக்கலாம்.

மூன்றாவது, நிறுவனப் பூட்டு. இது நாம் போடுவதல்ல. சில நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் கைப்பேசியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, தங்கள் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும்படி பூட்டிவிடுவார்கள். பிரிட்டனில் இப்படிப் பூட்டிய கைப்பேசிகளை நிறுவனங்கள் விற்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் தடை வந்தது. ஆயினும் பழைய கருவிகள் உலகெங்கும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த அழகான கைப்பேசி நம் சிம் அட்டையை ஏற்க மறுத்தால், அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவனப் பூட்டாக இருக்கலாம். அதை முறைப்படி திறக்க வேண்டியவர், அதை விற்ற நிறுவனம்.

இரண்டாம் கைக் கைப்பேசி வாங்குவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பணத்தைக் கொடுக்குமுன் உங்கள் சிம் அட்டையை அதில் போட்டு ஓர் அழைப்புச் செய்து பாருங்கள். பிறகு நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, 06, மீண்டும் ஹேஷ் குறி ஆகியவற்றை அழுத்துங்கள். திரையில் 15 இலக்க எண் தோன்றும். அது கருவியின் பிறப்புச் சான்று போன்றது. பெட்டியில் அச்சிட்ட எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் இப்போது இருக்கும் கைப்பேசியின் எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள். கருவி காணாமற்போனால் போலீஸ் புகாரில் அந்த எண்ணைக் குறிப்பிடலாம்.

இனி சிம் பூட்டைப் போடும் முறையைச் சொல்கிறோம். கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு கருவியில் பாதுகாப்பு என்ற பிரிவுக்குள் சிம் அட்டைப் பூட்டு இருக்கும். ஐபோனில் கைப்பேசி இணைப்புக்குரிய பிரிவில் சிம் பின் என்று இருக்கும். அதைத் திறந்தால் முதலில் பழைய பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனம் வைத்த தொடக்க எண். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சிம் அட்டை ஒட்டி வந்த பெரிய அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அட்டை இல்லையென்றால் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். குத்துமதிப்பாக எதையும் அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறோம் என்றால், பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை தானாகவே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க 8 இலக்கம் கொண்ட பக் எண் வேண்டும். அந்த எண்ணையும் பத்து முறை தவறாக அழுத்தினால் அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும். எந்தக் கடைக்காரராலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. புதிய அட்டைதான் வாங்க வேண்டும். வேறு எண் கொண்ட பிள்ளைகளின் விளையாட்டினால் பாட்டியின் சிம் அட்டை இப்படி மடக்கப்படுவது உண்டு. அப்போது பதறாமல், நிறுவனத்தை அழைத்து, பதிவு செய்தவரின் விவரங்களைச் சொல்லி, பக் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். சாதாரணப் பொத்தான் கைப்பேசியாக இருந்தால், நட்சத்திரக் குறி இரண்டு முறை, 05, நட்சத்திரக் குறி, பக் எண், நட்சத்திரக் குறி, புதிய பின் எண், நட்சத்திரக் குறி, மீண்டும் அதே பின் எண், ஹேஷ் குறி என்று அழுத்தினால் திறக்கும்.

தொடக்கப் பின் எண்ணை அப்படியே வைத்திருப்பதில் பயனில்லை. அது ஊரறிந்த எண். உடனே மாற்றுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். அது அடையாள அட்டையிலேயே இருக்கிறது. 1234 வேண்டாம். வீட்டு எண்ணும் வேண்டாம். உங்கள் மனத்துக்கு மட்டுமே பொருள் தரும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பக் எண் உள்ள பெரிய அட்டையைப் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பேசி உறைக்குள் வைக்காதீர்கள். அந்த உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைகார்டு, ஏடிஎம் அட்டை, வங்கி எண் எழுதிய சீட்டு என எல்லாவற்றையும் கைப்பேசி உறைக்குள் செருகி வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் பெருகிவருகிறது. கள்ளனுக்குக் கதவையும் திறந்து, விளக்கையும் ஏற்றி வைப்பதைப் போன்றது அது.

இந்தப் பூட்டில் ஒரு சிரமம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டால், மறுபடி திறக்கும்போது பின் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அழைப்பு எதுவும் வராது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் பழக்க வேண்டும். இன்னொன்று, கைப்பேசி இயங்கிக்கொண்டிருக்கும் போது சிம் பூட்டு குறுக்கே வராது. ஆகவே திரைப் பூட்டும் வேண்டும், சிம் பூட்டும் வேண்டும். திரை பூட்டியிருக்கும் போதே குறுஞ்செய்தியின் வாசகம் வெளியே தெரியும்படி விடாதீர்கள். அதையும் அமைப்புகளில் மறைக்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டு படி உறுதிப்பாடு என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துவிட்டால், சிம் அட்டையைத் திருடியவன்கூட உடனே உங்கள் பெயரில் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாது.

இதுவரை அட்டையைக் கையால் திருடுபவனைப் பற்றிப் பேசினோம். அட்டையைத் தொடாமலே எண்ணைத் திருடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் தொலைபேசி நிறுவனத்திடம் நம் பெயரைச் சொல்லி, "என் அட்டை தொலைந்துவிட்டது, புதிய அட்டை வேண்டும்" என்று ஏமாற்றி வாங்குவார்கள். புதிய அட்டை உயிர்பெற்றதும் நம் கையிலுள்ள அட்டை செத்துவிடும். 2019 ஆகஸ்டில் டுவிட்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் எண்ணையே இப்படிக் கைப்பற்றி, அவர் பெயரில் கண்டபடி செய்திகளை வெளியிட்டார்கள். அவ்வளவு பெரியவருக்கே அந்தக் கதி என்றால் நாம் விழிப்பாக இருக்க வேண்டாமா?

"நம் அடையாள அட்டை எண் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். 2017 அக்டோபரில் நம் நாட்டில் வெளிவந்த செய்தியை நினைவுகூருங்கள். 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களுக்குரிய விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்தன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 இலட்சம்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சிம் அட்டை விவரம் வரை அதில் இருந்தன. ஆகவே ஒருவன் நம்மை அழைத்து, நம் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொன்னான் என்பதற்காக அவனை வங்கி அதிகாரி என்றோ போலீஸ்காரர் என்றோ நம்பிவிடக் கூடாது.

எண் களவு போனதற்கு அடையாளம் என்ன? கைப்பேசியில் சிக்னல் திடீரென்று மறைந்துவிடும். தோட்டப்புறத்தில் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நமக்குச் சிக்னல் போவதும் வருவதும் அன்றாட நிகழ்ச்சி. மழை பெய்தால் போகும், மின்சாரம் தடைப்பட்டால் போகும், செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தால் போகும். அதனால் நாம் கவலைப்படாமல் இருந்துவிடுவோம். ஆகவே ஒரு சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் சிக்னல் இல்லையென்றால் கோபுரத்தில் கோளாறு. அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், கைப்பேசியை ஒரு முறை அணைத்துத் திறந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் தாமதிக்காமல் வேறு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தை அழையுங்கள்.

வங்கிகளும் இந்த ஆபத்தை உணர்ந்திருக்கின்றன. பணமாற்றத்துக்குக் குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை நம்பியிருக்கும் முறையைக் கைவிட்டு, வலுவான வேறு முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்தது. அதனால்தான் இன்று பல வங்கிகள் தங்கள் செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. ஆயினும் வேறு பல சேவைகளில் குறுஞ்செய்தி எண்கள் இன்னும் வருகின்றன. அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கிக்காரர் என்று சொன்னாலும், போலீஸ் என்று சொன்னாலும், "அத்தை, தவறி உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது" என்று இனிமையாகச் சொன்னாலும் சொல்லக் கூடாது.

அடுத்தது, பெயர்ப் பதிவு. முன்கட்டணச் சிம் அட்டைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. யார் பெயரில் பதிவோ அவர்தான் அந்த எண்ணுக்கு உரியவர். எங்கள் பெரியம்மாவின் எண் பிறர் பெயரில் இருந்ததால்தான் இரண்டு நாள் வீணாயிற்று. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் எண்ணும் அவரவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரில் இன்னும் இருக்கலாம். திருமணமாகிப் போன மகளின் பெயரில் இருக்கலாம். மைகார்டை எடுத்துக்கொண்டு கூலிமுக்கோ பாரிட் புந்தாருக்கோ போகும் நாளில் நிறுவனத்தின் மையத்துக்குச் சென்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. "ஒரு சிம் அட்டை எடுக்க உங்கள் அடையாள அட்டையைக் கொஞ்சம் கொடுங்கள், இருபது வெள்ளி தருகிறேன்" என்று யாரேனும் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த எண்ணால் யாரையாவது ஏமாற்றினால் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இருபது வெள்ளிக்காக வேலையை விட்டுவிட்டுப் போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டிவரும்.

இன்னொரு சிறு செய்தி. முன்கட்டண எண்ணுக்கு நெடுநாள் பணம் போடாவிட்டால் அது காலாவதியாகும். பின்னர் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வங்கியிலும் சேமநிதியிலும் அந்தப் பழைய எண்ணே இருந்தால், உங்களுக்குரிய செய்தி யாரோ ஒருவருக்குப் போகும். எண்ணை மாற்றினால் வங்கிக்கும் சேமநிதி அலுவலகத்துக்கும் முதலில் தெரிவியுங்கள். உறவினருக்குப் பிறகு சொல்லலாம்.

இவ்வளவு செய்தும் கைப்பேசி காணாமற்போய்விட்டால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறோம், வீட்டில் ஒருவர் எழுதிக்கொள்ளுங்கள். முதலில், வேறு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துச் சிம் அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் எண் இருக்கும். அதை முன்கூட்டியே சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்றாவது, பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. போலீசும், பேங்க் நெகாராவும், தொடர்பு பல்லூடக ஆணையமும், வங்கிகளும், தொலைபேசி நிறுவனங்களும் அதில் கைகோத்திருக்கின்றன. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். அதை வழியில் மடக்க வேண்டுமானால் நாம் விரைந்து சொல்ல வேண்டும். நான்காவது, போலீஸ் புகார் செய்யுங்கள். ஐந்தாவது, குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் யாரேனும் ஒருவரைக் கொண்டு, "இந்த எண்ணிலிருந்து பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்" என்று சொல்லச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஐந்தாவது வேலையை அன்றிரவே செய்திருந்தால் அந்த முந்நூறு வெள்ளி போயிருக்காது.

வெட்கத்தினால் மறைத்துவைப்பதுதான் இதில் பெரிய நஷ்டம். ஏமாந்தவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் நம்மிடம் சொல்லமாட்டார். ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்தவர் அல்ல. வீட்டிலுள்ள இளைஞர்களும் மாணவர்களும் இதைப் புரிந்துகொண்டு, பெரியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும். "உனக்கு இதெல்லாம் புரியாது பாட்டி" என்று சொல்லிக் கைப்பேசியைப் பிடுங்கித் தாங்களே செய்து கொடுத்துவிடுவது உதவி ஆகாது. இருட்டில் காண்டா விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, பட்டை காயப்படாமல் மரம் வெட்டக் கற்ற கைகளுக்கு நான்கு எண்ணை அழுத்தக் கற்பது பெரிய காரியமல்ல.

எங்கள் பெரியம்மா இன்று வேறொரு கைப்பேசி வைத்திருக்கிறார். எண் அவர் பெயரிலேயே இருக்கிறது. சிம் பூட்டும் போட்டிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார் என்று கேட்கிறீர்களா? எண்களை அவருக்குத் தெரியும்; பால் எடை பார்த்துச் சம்பளம் வாங்கியவர் அல்லவா? தம் பின் எண்ணை அவரே தேர்ந்தெடுத்தார். அது என்ன எண் என்று எங்களுக்கும் சொல்லவில்லை. "உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் சொல்ல வந்த பாடத்தை அவர் சரியாகவே கற்றுக்கொண்டார்.

நேயர்களே, இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தோடு உட்காருங்கள். ஒவ்வொருவரின் கைப்பேசியையும் எடுத்து, சிம் பூட்டு இருக்கிறதா, எண் யார் பெயரில் இருக்கிறது, நிறுவனத்தின் தொலைபேசி எண் எங்கே எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். பாடுபட்டுச் சேர்த்த பணத்துக்கு அந்த அரை மணி நேரம் காவல் நிற்கும்.